சமர்கந்தில் சுவரில் தொங்கிய ரொட்டி

செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் உஸ்பெகிஸ்தானில் இருந்தோம். அங்கே கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் என்பதால்தான் பயணத்தை அதுவரை தள்ளிப்போட்டோம். நல்ல முடிவு. பகலில் இதமான வெயில், பொழுது சாய்ந்தால் ஸ்வெட்டர். சந்தை முழுக்க திராட்சை, அத்தி, மாதுளை, ஒரு கையால் தூக்க முடியாத நீள முலாம்பழங்கள். தாஷ்கண்டிலிருந்து சமர்கந்துக்கு அஃப்ரோசியாப் என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இந்த சீசனில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

மூன்று பழைய மதரஸாக்கள் சூழ்ந்த ரெகிஸ்தான் சதுக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மாலை வெயில் சாயும்போது ஒரு தடவை, விளக்கு போட்டபின் ஒரு தடவை பாருங்கள். சமர்கந்தை ஆண்ட வானியல் அறிஞர் உலுக் பெக்கின் வானாய்வுக் கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். மேலே கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. 1908-இல் தோண்டி எடுத்த, பூமிக்குள் வளைந்து இறங்கும் கல் பாதை மட்டும் இருக்கிறது; வானத்தை அளந்த பெரிய கருவியின் அடிப்பகுதி அது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், 1437 வாக்கில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்து வைத்த மனிதர் நின்ற இடம் இது. அந்தக் குழியின் விளிம்பில் நான் வெகுநேரம் நின்றேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது ரொட்டியைப் பற்றி.

பீபி கானும் என்ற பழைய மசூதியை ஒட்டியே சியாப் சந்தை. காலையில் போனபோது வாசல் பக்கம் வரிசையாகப் பழைய குழந்தை வண்டிகள், மேலே துணி போர்த்தியிருந்தார்கள். உள்ளே குழந்தை தூங்குகிறது என்று நினைத்து மனைவி எட்டிப் பார்த்தாள். அடுக்கடுக்காக ரொட்டி! அவர்கள் அதை 'நான்' என்கிறார்கள். நம் ஹோட்டல் நான் மாதிரி மெல்லிசு இல்லை. கையில் வாங்கினால் நல்ல கனம். ஓரம் உப்பி, நடுவில் அமுங்கி, அந்த நடுவில் முள் அச்சால் குத்திய பூ வேலை, மேலே எள்ளும் கருஞ்சீரகமும். மேல்பக்கம் எண்ணெய் தடவிய மரம்போலப் பளபளக்கிறது. ஒன்றின் நடுவில் பூவுக்குப் பதில் சுட்டவரின் தொலைபேசி எண்ணே குத்தியிருந்தது.

இரண்டு வாங்கினோம். காசு எண்ணுவதற்காக நான் ஒன்றைப் பையின்மேல் கவிழ்த்து வைத்தேன். விற்ற அம்மா சட்டென்று கை நீட்டி அதைத் திருப்பி வைத்தார். கோபமெல்லாம் இல்லை. தூங்கும் குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல இருந்தது.

நாங்கள் தங்கியது பழைய நகரத்துச் சந்து ஒன்றில், ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில். நடுவில் முற்றம், மேலே திராட்சைப் பந்தல், கீழே கட்டில் மாதிரி ஒரு மேடை, அதன்மேல் மெத்தையும் தாழ்ந்த மேஜையும். வீட்டுப் பாட்டியைப் பேத்தி 'பீபி' என்று கூப்பிட்டாள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பேத்திக்கு இங்கிலீஷ் தெரியும். அன்று சாயங்காலம் சந்தையில் நடந்ததைச் சொன்னேன். பீபி தலையாட்டிக் கேட்டுக்கொண்டே பச்சைத் தேநீரைக் கோப்பையில் ஊற்றித் திரும்பத் தேநீர்க் கெண்டிக்குள் விட்டார், மூன்று முறை. அப்புறம்தான் எங்களுக்கு ஊற்றினார், அதுவும் பாதிக் கோப்பைதான். நிறைய ஊற்றினால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று ஆகிவிடுமாம்.

ரொட்டியைக் கவிழ்க்கக் கூடாது, கத்தியால் அறுக்கக் கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும், கீழே விழுந்த துண்டை எடுத்து உயரமான இடத்தில் பறவைக்கு வைக்க வேண்டும் என்று பேத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். சோற்றைச் சிந்தினால் என் பாட்டி ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்க வைப்பார். அதைச் சொன்னதும் பீபி என் முழங்காலைத் தட்டிச் சிரித்தார்.

சரி, இருங்கள் என்று எங்களை உள்ளே அழைத்துப் போனார். சுவரில் ஆணி, ஆணியில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு முழு ரொட்டி. காய்ந்து கல்லாகி, நிறம் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கடி. பல் தடம் தெளிவாகத் தெரிந்தது.

பேரன் ராணுவத்தில் இருக்கிறான். கிளம்பும் நாளில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் அவனுக்காக வீட்டில் காத்திருக்கும். அவனுடைய சோறு இங்கே இருக்கும்வரை அவன் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்பது நம்பிக்கை. பேத்தி இதைச் சொல்லும்போது பீபி ஒன்றும் பேசவில்லை. கடித்த இடத்தை விரலால் மெல்லத் தடவிவிட்டுத் திரும்ப மாட்டினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது. பேரன் பிப்ரவரியில் வருவானாம்.

கிளம்பும் காலையில் பீபி இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். சமர்கந்து ரொட்டி பல நாள் கெடாது, தண்ணீர் தெளித்துச் சூடு பண்ணினால் போதும் என்றார். ஊருக்கு வந்து ஐந்தாம் நாள் தோசைக்கல்லைக் காயவைத்து, அவர் சொன்னபடியே செய்தோம். கருஞ்சீரக வாசனை எழும்பியது. கத்தியை எடுக்கப் போன மகனை மனைவி தடுத்து, கையாலேயே பிய்த்துக் கொடுத்தாள்.