கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோ: பறக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு?

கேள்வி – கல்முனை வாசகர்

என் உம்மா ஜனவரியில் இலண்டனிலுள்ள தங்கையிடம் தனியாகப் போகவிருக்கிறார். நேரடி விமானத்தின் பயணச்சீட்டில் பகல் 1.00 மணிக்குப் புறப்பாடு, மாலை 6.30 மணிக்கு வருகை என்று இருப்பதால், ஐந்தரை மணித்தியாலப் பயணம்தானே என்கிறார்கள் வீட்டிலுள்ளவர்கள். டோஹா வழியாக மலிவான சீட்டும் கிடைக்கிறது; ஆனால் சுற்றிப் போவதால் தூரம் மிகவும் கூடிவிடுமோ என்று யோசிக்கிறேன். உம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் சரியான கணக்கை அறிய விரும்புகிறேன்.

பதில் – களுவாஞ்சிகுடி

பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படும். குளிர்காலத்தில் இலங்கை நேரம் இலண்டனைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருப்பதால், அங்கே மாலை 6.30 ஆகும்போது கல்முனையில் நள்ளிரவு 12.00 மணி. ஆகவே உங்கள் உம்மா பறக்கப்போவது 11 மணித்தியாலம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரித்தானியா கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்துவதால், அக்காலத்தில் வித்தியாசம் நாலரையாகக் குறையும். மாத்திரை எடுப்பவராயின், விமானத்தில் இருக்கும்வரை கைக்கடிகாரத்தை இலங்கை நேரத்திலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

பதில் – மட்டக்களப்பு நகர்

தூரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கொழும்பையும் இலண்டனையும் அடிமட்டம் வைத்து இணைத்தால் கோடு சவூதியின் வடபகுதியையும் மத்தியதரைக் கடலையும் கடக்கும். ஆனால் உருண்டையான பூமியில் மிகக் குறுகிய பாதை அதற்கு வடக்கே வளைந்து, அரபிக்கடலைத் தாண்டி, ஏறத்தாழப் பாதி வழியில் தெஹ்ரானுக்கு அருகே சென்று, கருங்கடல் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. அதன் நீளம் சுமார் 8,700 கிலோமீற்றர். விமானங்கள் அதே கோட்டில் பறப்பதில்லை. 2022 பெப்ரவரி முதல் உக்ரேன் வான்பரப்பு மூடப்பட்டிருப்பதும், மேற்காசியாவில் பதற்றம் ஏற்படும்போதெல்லாம் பாதைகள் மாறுவதும் இதற்குக் காரணங்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலமான காற்று, போகும்போது எதிராகவும் திரும்பும்போது துணையாகவும் இருப்பதால், வரும் பயணம் பெரும்பாலும் குறுகியதாகவே இருக்கும்.

டோஹா வழியாகச் சென்றால் தூரம் ஏறக்குறைய 8,850 கிலோமீற்றர்தான். கூடுவது 150 கிலோமீற்றர், அதாவது கால் மணித்தியாலம்கூட இல்லை! நேரத்தைத் தின்பது இறங்கி ஏறுவதும் அங்கே காத்திருப்பதுமே. இடையில் எழுந்து நடக்கக் கிடைப்பது முழங்காலுக்கு நல்லது என்பார்கள் சிலர். தனியே போகும் மூத்தவருக்கு நேரடி விமானமே மேல் என்பது என் கருத்து. எதுவானாலும் சீட்டுப் பதியும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுவிடுங்கள்.

பதில் – அக்கரைப்பற்று

வானத்துக் கணக்கோடு தரைக் கணக்கையும் சேர்க்க வேண்டும். கல்முனையிலிருந்து பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கவுக்கு வேன் வண்டியில் எட்டு மணித்தியாலமாவது வேண்டும்; விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே அங்கே இருக்க வேண்டும். பகல் ஒரு மணி விமானத்துக்காக இரவில் புறப்பட்டால் வெலிக்கந்தை, மின்னேரியாப் பக்கம் யானைகள் வீதியைக் கடக்கும் நேரத்தில் போக நேரிடும். முதல்நாள் காலையிலேயே புறப்பட்டு நீர்கொழும்பில் தங்கினால், உம்மா காலை ஆறுதலாக எழுந்து விமான நிலையத்துக்குப் போகலாம்.