யூனிவர்சிட்டி சேலஞ்ச்: புள்ளிக் கணக்கையும் காலிறுதி முறையையும் விளக்க முடியுமா?

கேள்வி: லெஸ்டர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பிபிசி இரண்டாம் அலைவரிசையில் திங்கட்கிழமை இரவுகளில் வரும் ‘யூனிவர்சிட்டி சேலஞ்ச்’ வினாடி வினாவைச் சில வாரங்களாக என் மகளுடன் சேர்ந்து விரும்பிப் பார்த்து வருகிறேன். அவள் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்குச் செல்ல இருப்பவள். நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இரண்டு அணிகளின் புள்ளிகளையும் தானே எழுதிக்கொண்டு வருகிறாள். ஆனால் போட்டி முடியும்போது அவள் கூட்டிய தொகையும் திரையில் காட்டும் தொகையும் பெரும்பாலும் ஐந்தோ பத்தோ வேறுபடுகின்றன. மேலும், முதல் சுற்றில் தோற்ற அணி ஒன்று மறுபடியும் ஆட வந்தது எங்களுக்குப் புரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மட்டும் கல்லூரி கல்லூரியாக அணி அனுப்புவது ஏன் என்றும் அவள் கேட்கிறாள். நெடுங்காலமாகப் பார்ப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: திங்கள் இரவு

வணக்கம் அம்மா. தங்கள் மகள் நோட்டுடன் உட்காருவதைப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். இந்தப் போட்டியைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

அணிக்கு நால்வர். தொடக்கக் கேள்வியை எவரும் கலந்து பேசாமல், பொத்தானை முதலில் அழுத்தியவரே தனியாகச் சொல்ல வேண்டும். சரியென்றால் 10 புள்ளி. அதன்பின் அந்த அணிக்கு மட்டும் ஒரே பொருளைச் சுற்றி மூன்று போனஸ் கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. இவற்றை நால்வரும் தமக்குள் பேசி முடிவு செய்யலாம். விடையை அணித்தலைவர் சொல்ல வேண்டும், அல்லது சொல்லப்போகிறவரின் பெயரை அவர் அறிவிக்க வேண்டும். கணக்கு பிசகுவது பெரும்பாலும் அடுத்த விதியில்தான். கேள்வி முழுவதும் கேட்கப்படும் முன் குறுக்கிட்டுத் தவறான விடை சொன்னால் 5 புள்ளி கழியும். கேள்வி முடிந்த பிறகு தவறாகச் சொன்னால் எதுவும் கழியாது. இரண்டிலும் வாய்ப்பு எதிரணிக்குப் போகும், குறுக்கிட்டிருந்தால் கேள்வியை முழுவதுமாகக் கேட்கும் சலுகையோடு. தொகுப்பாளர் அமோல் ராஜன் அந்த ஐந்து புள்ளி இழப்பை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மீதிக் கேள்விக்குப் போய்விடுவதால், எழுதிக்கொண்டிருப்பவர் அதைத் தவறவிடுவது இயல்பே.

இன்னொரு இடமும் உண்டு. படத்தையோ இசையையோ கொண்ட தொடக்கக் கேள்விக்கு இரண்டு அணிகளுமே விடை சொல்லாவிட்டால், அதற்குரிய போனஸ் கேள்விகள் நிறுத்திவைக்கப்பட்டு, அடுத்து எவர் ஒரு சாதாரணத் தொடக்கக் கேள்விக்குச் சரியாக விடை சொல்கிறாரோ அவருடைய அணிக்குக் கொடுக்கப்படும்.

என் அனுபவத்தில், பார்வையாளர்கள் பொத்தானின் வேகத்தையே வியந்து பார்க்கிறார்கள். போட்டி தீர்மானமாவது போனஸில்தான். ஒரு தொடக்கக் கேள்வி 10 புள்ளிதான், அது திறந்துவிடும் போனஸ்கள் 15 புள்ளி. 2025 மே மாத இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: கேம்பிரிட்ஜின் கிரைஸ்ட்ஸ் கல்லூரி 175, வாரிக் பல்கலைக்கழகம் 170. அரைமணி நேரத்துக்குப் பின் இரு அணிகளையும் பிரித்தது ஒரே ஒரு போனஸ் விடையின் மதிப்பு. ஆகவே மகளிடம், தொடக்கக் கேள்விகளை ஒரு வரிசையிலும், ஒவ்வொன்றுக்கும் அடுத்து மூன்றில் எத்தனை போனஸ் கிடைத்தது என்பதை அதன் பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். எந்த அணி தனக்குக் கிடைத்ததை வீணாக்குகிறது என்பது பாதிப் போட்டியிலேயே தெரிந்துவிடும்.

பதில் 2: முன்னாள் கல்லூரி அணிக்காரன்

மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் போனஸே எல்லாம் என்பதை நான் ஏற்கவில்லை. குறுக்கிடும் துணிவுதான் இந்தப் போட்டியின் உயிர். தவறாகக் குறுக்கிட்டால் நமக்கு 5 கழிகிறது. எதிரணி அதே கேள்விக்கு 10 பெற்று மூன்று போனஸையும் எடுத்தால் 25. ஆக ஒரு அவசரத்தின் விலை 30 புள்ளி. இது தெரிந்தும் பொத்தானில் கை வைப்பவர்கள் இருப்பதால்தான் இதைப் பார்க்க முடிகிறது.

இந்தக் கேள்விகளின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். அரிய தகவலில் தொடங்கி, எவருக்கும் தெரிந்த தகவலில் முடியும். நானே ஓர் எடுத்துக்காட்டு அமைத்துச் சொல்கிறேன்: “1887இல் ஈரோட்டில் பிறந்தவரும், 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவருமான ஒரு கணித மேதை, லண்டனில் புட்னியில் நோயுற்றுக் கிடந்தபோது, தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்று அவரிடம் சொன்னவர் யார்?” ஈரோடு என்ற சொல்லிலேயே நம்மவர் கை பொத்தானுக்குப் போய்விடும். “ராமானுஜன்” என்று சொல்லிவிடுவோம், 5 புள்ளி போய்விடும்; ஏனெனில் கேட்கப்பட்டது, ராமானுஜனைப் பார்க்க வந்த கணித அறிஞர் ஹார்டியை. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட கேள்வியில் வினாச்சொல் நடுவிலேயே வந்துவிடும். தேர்ந்த போட்டியாளர் தகவலுக்காக அல்ல, அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார். அது வந்த கணத்தில் விளக்கு எரியும், பின்னணிக் குரல் கல்லூரியின் பெயரையும் போட்டியாளரின் குடும்பப் பெயரையும் அறிவிக்கும். அடுத்த வாரம் அந்தக் கணத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். புள்ளிகள் சமமாகி முடிவுமணி ஒலித்துவிட்டால் வெற்றியைத் தீர்மானிக்க மேலும் ஒரு தொடக்கக் கேள்வி கேட்கப்படும். அந்த இடத்தில் குறுக்கிட்டுத் தவறினால் போட்டியே போய்விடும்.

பதில் 3: மான்செஸ்டர் பக்கத்தவள்

சுற்றுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் சுற்றில் 28 அணிகள், 14 ஆட்டங்கள். வென்ற 14 அணிகளும் நேரே இரண்டாம் சுற்றுக்குப் போகும். தோற்றவர்களில் அதிகப் புள்ளி எடுத்த நான்கு அணிகள் தமக்குள் இரண்டு ஆட்டம் ஆடி, மீதி இரண்டு இடங்களைப் பெறும். தாங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் தோல்வி உறுதியான அணிகூடக் கடைசி நிமிடம் வரை ஒவ்வொரு ஐந்து புள்ளிக்கும் போராடுகிறது. காலிறுதியில் எட்டு அணிகள். இரண்டு முறை வென்றால் அரையிறுதி, இரண்டு முறை தோற்றால் வீடு.

மகள் கேட்ட கேள்வி ஐம்பது ஆண்டு கடந்த கேள்வி. 1975இல் மான்செஸ்டர் அணி இதையே எதிர்த்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சே குவாரா, மார்க்ஸ், டிராட்ஸ்கி, லெனின் என்று பெயர்களையே விடையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் தம் மாணவர்களைத் தாமே தேர்ந்து, தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் தனி நிறுவனங்கள் என்பதே. எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. டர்ஹம் பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன, அது ஒரே அணியைத்தான் அனுப்புகிறது. ஆனால் இதே மான்செஸ்டர் பின்னர் 2006, 2009, 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் இந்தப் போட்டியின் வெற்றிப் பட்டம் பெற்றதையும், லண்டன் இம்பீரியல் கல்லூரி 2024இல் ஐந்தாவது முறையாக வென்றதையும் மகளிடம் சொல்லுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அவளுக்கு அணியில் இடமுண்டு.

2009ஆம் ஆண்டின் கதை கொஞ்சம் வேறு. இறுதிப் போட்டியில் வென்றது ஆக்ஸ்ஃபோர்டின் கார்ப்பஸ் கிறிஸ்டி. அந்த அணித்தலைவி கெயில் டிரிம்பிள் அணியின் புள்ளிகளில் பெரும்பகுதியைத் தாம் ஒருவராகவே எடுத்தவர்; எக்ஸிடர் அணியை 350க்கு 15 என்று வென்ற ஆட்டத்தை இன்றும் பேசுவார்கள். ஆனால் படப்பிடிப்பு இரண்டு கல்வியாண்டுகளில் பரவி நடந்ததால், அணியில் ஒருவர் பிற்பாதி ஆட்டங்களின்போது மாணவராகவே இல்லை என்று தெரியவந்து, பட்டம் மான்செஸ்டருக்கு மாற்றப்பட்டது. எங்கள் ஊர் வென்றதாகப் பதிவாகியிருந்தாலும், அந்த ஒரு பட்டத்தை நான் முழு மனத்துடன் எண்ணுவதில்லை.

லெஸ்டர் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் சென்ற வார ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். திங்கள் இரவு சொன்னதுபோல் மகள் போனஸ் வரிசையைத் தனியாகப் போட்டாள். இசைக் கேள்விக்குச் சற்று முன், தோற்ற அணி ஒருமுறை குறுக்கிட்டுத் தவறவிட்டிருக்கிறது. அவள் நோட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே எழுதப்பட்டிருக்கவில்லை. இப்போது அங்கே சிவப்பு மையில் ‘-5’ என்று எழுதியிருக்கிறாள், கூட்டுத்தொகை திரையோடு ஒத்துவிட்டது. அந்த அணியோ தனக்குக் கிடைத்த போனஸில் பாதிக்கு மேல் எடுத்திருந்தது, ஆகவே உங்கள் இருவரின் வாதத்தில் யார் பக்கம் நிற்பது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த திங்கட்கிழமைக்கு இரண்டு பேனா எடுத்து வைத்திருக்கிறாள்.