கிளப் லவுஞ்சுக்கு இரவுக்கு 150 வெள்ளி கூடுதல்: கொடுக்கலாமா?

தாமிரபரணி:
அடுத்த மாதம் சிங்கப்பூரில் 4 இரவு. நான், மனைவி, 70 வயது அம்மா. மெரினா பே பக்கம் ஓர் ஓட்டல் பார்த்து வைத்திருக்கிறேன், ஒரே அறை, கூடுதல் கட்டில். கிளப் அறை எடுத்தால் இரவுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அதிகம். அதற்கு, கிளப் விருந்தினருக்கென்றே இருக்கும் லவுஞ்ச் கூடத்தில் காலை உணவு, 3 மணிக்குத் தேநீர், 6 முதல் 8 வரை மதுவும் சிற்றுண்டியும், நாள் முழுக்கக் காபி, தனி செக்-இன். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எடுக்கலாமா?

சிராங்கூன்வாசி:
வேண்டாம். முதலில் அது 150 இல்லை. பக்கத்தில் ++ போட்டிருப்பார்கள், பாருங்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து அதன்மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி. 180 வெள்ளி ஆகிவிடும். 4 இரவுக்கு 720.

இந்த ஊரின் சாப்பாடு 30-ஆவது மாடியில் இல்லை, கீழே இருக்கிறது. உணவங்காடி (ஹாக்கர் சென்டர்) கலாசாரத்தை யுனெஸ்கோ 2020-இல் மரபுப் பட்டியலில் சேர்த்ததே அதனால்தான். லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலைய உணவங்காடியில் மூன்று பேர் 30 வெள்ளிக்குள் வயிறாரச் சாப்பிடலாம். அம்மாவுக்குச் சைவம் என்றால் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ், 1947-இலிருந்து நடக்கிறது. இதை விட்டுவிட்டு சீஸ் துண்டும் பிஸ்கட்டும் தின்ன 720 வெள்ளியா?

கோவைக்காரன்:
நான் எடுக்கச் சொல்வேன். காரணம் சாப்பாடு இல்லை.

இரண்டு வருடம் முன்பு அப்பா அம்மாவை பாங்காக் கூட்டிப் போனேன். முதல் இரண்டு நாள் சாதாரண அறை. உணவகத்தில் உட்கார்ந்ததும் அம்மா மெனுவில் வலது பக்கத்தைப் பார்ப்பார், "எனக்குப் பசியில்லப்பா" என்பார். அப்பா ஒரு சூப்போடு நிறுத்திக்கொள்வார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வேறு ஓட்டலுக்கு மாறினோம், அங்கே லவுஞ்ச் இருந்தது. அங்கே விலைப் பட்டியல் கிடையாது, கையெழுத்துப் போட பில் வராது. அம்மா தானாக எழுந்து போய் இரண்டாவது கப் டீ எடுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் கேட்காமலே இஞ்சி போட்டு டீ கொண்டுவந்து வைத்தார் அங்கே வேலை பார்த்த பெண். அதை அம்மா இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் கொடுத்த பணம் வீணில்லை.

சிராங்கூன்வாசி:
உங்கள் அம்மா டீ குடித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், 6 மணி ஆகிறதே என்று எங்கிருந்தாவது ஓடி வந்தீர்களா இல்லையா? என் மச்சான் குடும்பம் தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் தோட்டத்தைப் பாதி பார்த்துவிட்டு டாக்சி பிடித்தது. காசு கொடுத்தாயிற்று, விடக்கூடாது என்று. வெயில் தணிந்து வெளியே நடக்க நல்ல நேரமே அப்போதுதான்.

இன்னொன்று. சிங்கப்பூரில் ஒயினுக்கும் விஸ்கிக்கும் லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி தீர்வை. அதனால் வெளியே மது விலை அதிகம், குடிப்பவருக்கு லவுஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பாதிப் பணம் திரும்பிவிடும். தாமிரபரணி வீட்டில் யார் குடிக்கப்போகிறார்கள்?

புள்ளிக்கணக்கு:
காசு கொடுத்து வாங்காமல் உறுப்பினர் தகுதியில் போவதுதான் சரி. மாரியட் குழும ஓட்டல்களில் வருடத்துக்கு 50 இரவு தங்கினால் பிளாட்டினம் உறுப்பினர் தகுதி, லவுஞ்ச் உள்ள பல ஓட்டல்களில் நீங்களும் கூட ஒருவரும் போகலாம். ஆனால் அதே குழுமத்தின் ரிட்ஸ் கார்ல்டனில் அந்தத் தகுதிக்கு லவுஞ்ச் கிடையாது, கிளப் அறை வாங்கியே ஆக வேண்டும். ஹயாத் குழுமத்தில் இதற்கு 60 இரவு தங்க வேண்டும். அங்கே ஒரு நல்ல வழக்கம், லவுஞ்ச் மூடியிருந்தால் உணவகத்தில் முழுக் காலை உணவு தருவார்கள்.

கோவைக்காரன்:
50 இரவு வெளியே தங்குபவருக்குக் கம்பெனி பணம் கட்டுகிறது நண்பரே. வருடம் ஒரு முறை அம்மாவைக் கூட்டிப் போகிறவருக்கு இது உதவாது.

அடுப்படி:
12 வருடமாக ஓட்டல் உணவுப் பிரிவில் இருக்கிறேன். அதில் மூன்று வருடம் லவுஞ்சில். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கிளப் கட்டணம் பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான். ஒரே அறையில் மூன்றாவது பெரியவருக்குத் தனியாக வாங்குவார்கள். இதை வாசலில் வந்து தெரிந்துகொண்டு, அம்மாவை அறையில் விட்டுவிட்டு வந்த மகனை நான் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதிவு செய்யும் முன்பே மெயில் போட்டு எழுத்தில் வாங்குங்கள். குழந்தையோடு போகிறவர்களும் கேளுங்கள், பல இடங்களில் மாலை நேரத்தில் சிறுவர்களை விடுவதில்லை.

சைவம் பற்றி: தட்டில் இருப்பது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். முந்தின நாளே சொன்னால் சமையலறையில் தனியாகச் செய்து தருவோம்.

எனக்குக் கேட்டால், லவுஞ்சின் உண்மையான பயன் வந்திறங்கும் நாளில்தான். சென்னையிலிருந்து இரவு விமானம் ஏறினால் காலை 7 மணிக்குள் சாங்கி விமான நிலையம். அறை கிடைப்பதோ 3 மணிக்கு. 70 வயதில் லாபி சோபாவில் எட்டு மணி நேரம் கஷ்டம். கிளப் விருந்தினர் என்றால் பெரும்பாலும் அதுவரை லவுஞ்சில் உட்காரவிடுவார்கள். சில இடங்களில் குளிக்கவும் வசதி உண்டு.

சிராங்கூன்வாசி:
இது நியாயமான காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நாள் காலைக்காக நான்கு இரவுக்கும் கட்டணுமா? முதல் இரவு மட்டும் எடுக்கலாமே.

அடுப்படி:
கிளப் அறைகள் பெரும்பாலும் தனி மாடியில். மறுநாள் பெட்டியைக் கட்டி அறை மாற வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அதுவும் ஒரு அலைச்சல்தான்.

தாமிரபரணி:
எல்லோருக்கும் நன்றி. அடுப்படி அண்ணன் சொன்னபடி ஓட்டலுக்கு எழுதிக் கேட்டேன். மூன்றாவது ஆளுக்கு இரவுக்கு 80++. ஆக மொத்தம் இரவுக்கு 276 வெள்ளி, நான்கு இரவுக்கு 1,100-க்கு மேல். மனைவியோடு இதைப் பேசிக்கொண்டிருந்தது அம்மா காதில் விழுந்துவிட்டது. இனிமேல் லவுஞ்சில் உட்கார்ந்தாலும் அவருக்குத் தொண்டையில் இறங்காது. அதனால் சாதாரண அறைதான். கூடவே, விமானத்தைப் பகலுக்கு மாற்றிவிட்டேன்.

கோவைக்காரன்:
சரி, அப்படியானால் ஒன்று செய்யுங்கள். எந்தக் கடையிலும் மெனுவை அம்மா கையில் கொடுக்காதீர்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே, நீங்களே சொல்லிவிடுங்கள்.

சிராங்கூன்வாசி:
தேக்காவில் தே ஹாலியா கேளுங்கள். இஞ்சி டீதான்.