உபுண்டு 22.04: பிள்ளைகளின் பக்கங்கள் எல்லாம் 403 (அனுமதி இல்லை), உதவி வேண்டும்

பனங்காடு (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் பிள்ளைகளுக்கு வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரே சர்வர், ஆளுக்கு ஒரு கணக்கு. வேலந்தாவளம் சந்தை, மூலத்தரை அணை, பனையேறும் தாத்தா என்று ஊர் விஷயங்களைத் தமிழில் எழுதி, அவரவர் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரில் வைக்கிறார்கள். முகவரியில் டில்டே குறியும் பயனர் பெயரும் போட்டால் பக்கம் வர வேண்டும்.

பழைய கணினியில், உபுண்டு 18.04இல், வந்தது. இப்போது 22.04ஐப் புதிதாக நிறுவி, அப்பாச்சி வெப் சர்வரில், பயனர் ஃபோல்டர்களைக் காட்டும் யூசர்டிர் மாட்யூலை இயக்கி, ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். எல்லோருக்கும் 403. ஃபோல்டருக்கு 755, கோப்புகளுக்கு 644 அனுமதி (உரியவர் மட்டும் எழுதலாம், மற்றவர் பார்க்கலாம்) கொடுத்திருக்கிறேன். உறவினர் ஒருவர் ஹோம் (அவரவர் கணக்கின் ஃபோல்டர்) முழுக்க 777, அதாவது யாரும் எழுதலாம் என்று, போடச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பிள்ளை எழுதியதை இன்னொரு பிள்ளை தெரியாமல் அழித்துவிட்டால் என்ன செய்வது?

செங்கோட்டைத் தம்பி:
777 வேண்டவே வேண்டாம் அக்கா. நீங்கள் தயங்கியது சரி.

உபுண்டு 21.04இலிருந்து புதுக் கணக்குகளின் ஹோம் ஃபோல்டருக்கு 750 அனுமதிதான் (மற்றவர் நுழைய முடியாது) கிடைக்கும். முன்பு 755. உள்ளே இருக்கும் ஃபோல்டர் திறந்திருந்தாலும், அப்பாச்சி அதுவரை போக முடியாது. முற்றத்தைத் தாண்டாமல் பின்கட்டுக்குப் போக முடியாதே, அது போல. நேம்ஐ கட்டளையை எல் விருப்பத்தோடு ஓட்டி, கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். எந்தப் படியில் அடைத்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். அப்பாச்சியின் எரர் லாகிலும் பாதையில் ஏதோ ஒரு படியில் நுழையும் அனுமதி இல்லை என்று வந்திருக்கும்.

ஹோமுக்கு 711 (மற்றவர் நுழையலாம், பட்டியல் பார்க்க முடியாது) கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் பெயர் தெரிந்த கோப்பை மற்றவர்கள் திறக்கும் வழியும் அதில் உண்டு. நான் செட்ஃபேக்ல் கட்டளையால் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனருக்கு (அப்பாச்சி ஓடும் கணக்கு) மட்டும் எக்ஸ், அதாவது நுழையும் அனுமதி தருவேன். அப்புறம் யாரும் அந்த ஹோமுக்கு சிமோட் 700 போடக் கூடாது. போட்டால் மாஸ்க் (இப்படித் தனியாகக் கொடுக்கும் அனுமதிகளின் உச்ச வரம்பு) சுருங்கி, நீங்கள் கொடுத்த அனுமதி பலிக்காமல் போகும்.

பனங்காடு:
பக்கங்கள் வந்துவிட்டன தம்பி, மிக்க நன்றி! நேம்ஐ காட்டியதைப் பிள்ளைகளுக்கும் திரையில் காட்டினேன்.

அடுத்த சிக்கல்: படம் ஏற்ற ஒரு பையன் பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்) எழுதினான். திறந்தால் ஓடாமல் கோப்பாக டவுன்லோடு ஆகிறது. அதே கோப்பை வர்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் ஃபோல்டரில் வைத்தால் ஓடுகிறது, ஆனால் படம் சேமிக்கப்படுவதில்லை.

செங்கோட்டைத் தம்பி:
பயனர் ஃபோல்டர்களில் பிஎச்பியை உபுண்டு வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறது. அப்பாச்சியின் மோட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் பிஎச்பி8.1.கான்ஃப் கோப்பின் கடைசியில் அந்த வரிகள் இருக்கும். அவற்றின் முன்னால் # போட்டு ரீஸ்டார்ட் செய்தால் ஓடும். படம் ஏற்ற, அந்த ஃபோல்டரில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு எழுதும் அனுமதி வேண்டும். பையனின் பெயரில் ஃபோல்டர் இருந்தாலும், எழுதுவது அப்பாச்சிதான்.

குப்பம் லினக்ஸ்:
ஒரே ஆள் பயன்படுத்தும் சர்வருக்கு அது போதும். உங்களுடையதில் பல பிள்ளைகள் இருக்கிறார்களே அம்மா. அந்த முறையில் எல்லோருடைய பிஎச்பியும் ஒரே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பெயரில் ஓடும். ஒருவன் எழுதும் நிரல் இன்னொருவன் படங்களை அழிக்க முடியும். நீங்கள் முதலில் பயந்தது அப்படியே திரும்பி வரும்.

பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பியைத் தனியாக ஓட்டும் சேவை) நிறுவி, ஆளுக்கு ஒரு பூல் (அவரவர் கணக்கில் பிஎச்பி ஓடும் தனிப் பிரிவு) வையுங்கள். பூல் கோப்பில் யூசர், குரூப் இரண்டும் அந்தப் பிள்ளையின் கணக்கு, லிசன்.ஓனர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, சாக்கெட்டுக்கு (அப்பாச்சி அந்தப் பூலோடு பேசும் வாசல்) தனிப் பெயர். அப்பாச்சியில் ப்ராக்ஸி_எஃப்சிஜிஐ மாட்யூலை இயக்கி, ஒவ்வொருவரின் ஃபோல்டரையும் அவரவர் சாக்கெட்டோடு இணைத்துவிடுங்கள். படம் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே சேமிக்கப்படும், 755க்கு மேல் எதுவும் தேவையில்லை. கொஞ்சம் வேலைதான். ஆனால் பிள்ளைகள் பயமில்லாமல் எதையும் எழுதிப் பார்க்கலாம், அதற்காகவே இதைச் செய்யலாம்.

பனங்காடு:
பூல் முறைக்கே மாறிவிட்டேன் ஐயா. சின்னப் படங்கள் ஏறுகின்றன. ஃபோனில் எடுத்த படம் மட்டும் ஏறவில்லை, பிழை எண் 1 என்று வருகிறது.

குப்பம் லினக்ஸ்:
அது அளவு. பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பிதான் இயல்பான வரம்பு, படிவம் முழுவதற்கும் 8 எம்பி. அப்லோடு_மேக்ஸ்_ஃபைல்சைஸை 10 ஆக்கினால் போஸ்ட்_மேக்ஸ்_சைஸை 12 ஆக்குங்கள். இரண்டாவதுதான் எப்போதும் பெரியதாக இருக்க வேண்டும். மாற்ற வேண்டியது எஃப்பிஎம் ஃபோல்டரில் உள்ள பிஎச்பி.ஐஎன்ஐ. அப்பாச்சி2 ஃபோல்டரில் உள்ளதை மாற்றினால் பலன் இருக்காது.

இன்னொன்று, இதைத் தள்ளிப் போடாதீர்கள். படம் ஏற்றும் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஓடாதபடி அப்பாச்சியில் அந்த ஃபோல்டருக்கு மட்டும் செட்ஹேண்ட்லர் நன் போடுங்கள். ஏற்றுபவர் தரும் கோப்புப் பெயரை அப்படியே வைக்காமல் நிரலே புதுப் பெயர் கொடுக்கட்டும். அந்தப் பையனிடம் இதை எழுதச் சொல்லுங்கள், அவன் செய்துவிடுவான்.