‘செட்’ என்ற வினைக்கு உங்கள் ஊர்ச் சொற்கள் வேண்டும்

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நேற்று தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மாணவி கேட்டாள்: “அக்கா, சூரியன் செட் ஆகறதும் இந்த செட்டும் ஒண்ணா?”

அருமையான கேள்வி. தொகுப்பைக் குறிக்கும் செட், லத்தீன் ‘செக்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வினைச்சொல்லோ பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’. உட்காரவைப்பது என்று பொருள். நம் அமர், அமர்த்து மாதிரிதான் சிட், செட். 1989 ஆக்ஸ்போர்டு அகராதி அந்த வினைக்கு 430 பொருள் தருகிறது!

தயிர் உறைகிறது, சிமெண்ட் இறுகுகிறது, அலாரம் வைக்கிறோம். கொலுசில் கல் பதிப்பதும் செட்தான். வெள்ளிப் பட்டறையில், தறியில், ஏற்காட்டு எஸ்டேட்டில் இதற்கு என்னென்ன சொற்கள் புழங்குகின்றன? ஆளுக்கு ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்பில் சுவரில் ஒட்ட வேண்டும்.