நம்ம வீட்டு குரூப்: தானா சுத்துற சக்கரம்

மாலதி: ஒரு வீடியோ போட்டிருக்கேன் பாருங்க. ஃபேன்ல காந்தம் ஒட்டிருக்கான், வயரே இல்லாம சுத்தி பல்பு எரியுது!! ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு இதத்தான் செய்வேன்னு அபி ஒத்தக்கால்ல நிக்கிறான். தானே புயலப்ப கரண்டு இல்லாம கெடந்தமே அப்ப இது இருந்திருந்தா

சேகர் சித்தப்பா: பேட்டரிய எங்கயாவது ஒளிச்சிருப்பான்ம்மா. ஆனா அபிய திட்டாத. இந்த ஆசை ரொம்ப பழசு, கணித மேதை பாஸ்கரரே 1150 வாக்குல ஒரு சக்கரம் சொல்லிருக்காரு, குழாய் மாதிரி இருக்கற ஆரக்கால்ல பாதி பாதரசம் ஊத்தி அடைச்சுட்டா அது ஒரு பக்கம் வெளிய ஓடும் ஒரு பக்கம் அச்சுக்கிட்ட வரும், அதனால ஒரு பக்கம் கனமாவே இருந்து சுத்திக்கிட்டே இருக்கும்னு

கார்த்தி: கேக்க கரெக்டா தானே இருக்கு சித்தப்பா

சேகர் சித்தப்பா: அதான்டா அழகே! எத்தன மோட்டார் பிரிச்சு கட்டிருக்கேன், அந்தச் சக்கரத்துப் படத்த பாத்தா எனக்கே இப்பவும் கை பரபரக்கும். பாதரசத்துக்குப் பதிலா குண்டு போட்ட சக்கரம்னு வச்சுக்க, குண்டுங்கள எண்ணிப் பாரு, தூரமா தள்ளி நிக்கிறது கம்மியா இருக்கும், அச்சுக்கிட்ட நிக்கிறது ஜாஸ்தியா இருக்கும், ஒவ்வொண்ணோட எடையையும் அச்சுல இருந்து பக்கவாட்டுல இருக்கற தூரத்தால பெருக்கிக் கூட்டிப் பாத்தா ரெண்டு பக்கமும் சமம். நாம தள்ளி விட்ட வேகத்த பேரிங் உரசலும் காத்தும் தின்னுடும், நின்னுடும்

கார்த்தி: அமெரிக்காவுல ரெட்ஹெஃபர்னு ஒருத்தன் இதே மாதிரி மெஷின காட்டி காசு வசூல் பண்ணிருக்கான் அக்கா. 1813ல நியூயார்க்ல நீராவிப் படகு செஞ்ச இன்ஜினியர் ராபர்ட் ஃபுல்டன் வந்து பாத்து சுத்துற வேகம் ஏறி எறங்குதேன்னு சந்தேகப்பட்டு பலகைய பேத்தா உள்ள ஒரு பெல்ட் போகுது, அது போய் முடியிற எடத்துல ஒரு பெரியவர் உக்காந்து கையால சுத்திக்கிட்டு இருக்காரு 😳

மாலதி: அய்யோ பாவம் அந்த மனுஷன்

சேகர் சித்தப்பா: நெஜமா ஓடுனதும் ஒண்ணு இருக்கு. 1760கள்ல லண்டன்ல ஜேம்ஸ் காக்ஸ் செஞ்ச கடிகாரம், சாவியே குடுக்க வேணாம். காத்தழுத்தம் ஏறி எறங்குறப்ப உள்ள பாதரசம் அசைஞ்சு அதுவே சாவி குடுத்துக்கும். புயல் வந்தா அழுத்தம் எறங்கும்னு கடலூர்காரங்களுக்கு நான் சொல்லணுமா, அந்த சக்திதான். சும்மா வரல, வெளிய இருந்து வந்துச்சு

மாலதி: அப்ப அபி என்னதான் செய்யட்டும்?

சேகர் சித்தப்பா: பாஸ்கரர் சக்கரத்தையே செய்யட்டும். பாதரசம் வேணவே வேணாம் விஷம், பால்ரஸ் குண்டு போதும். ஏன் நிக்குதுன்னு அவனே எண்ணி எழுதி பக்கத்துல ஒட்டட்டும். சாயங்காலம் மஞ்சக்குப்பம் கடைக்கு அனுப்பு, நல்ல பேரிங்கா எடுத்து வைக்கிறேன். அந்த வீடியோவ வேற குரூப்புக்கு அனுப்பாதம்மா, யாராவது நம்பி காசு கட்டிடப் போறாங்க