ரெவிட்டில் அயோனிக் தூண்: பள்ளம் மேலே போகப் போகச் சிறுக்க என்ன வழி?

நண்பர்களே, தக்கலையில் ஒரு வீட்டு முகப்புக்கு ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் அயோனிக் தூண் (தலையில் சுருள் வைத்த வகை) வரைகிறேன். வளைகுடாவிலிருந்து வந்த வீட்டுக்காரர், ரோமானியத் தூண்தான் வேண்டும் என்று ஒரே பிடி. (பத்மநாபபுரம் அரண்மனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! சரி, அவர் காசு.)

உயரம் 12 அடி. பழைய இத்தாலியக் கட்டடக் கலைஞர் விக்னோலா சொன்ன கணக்குப்படி உயரம் விட்டத்தைப் போல் 9 மடங்கு. ஆக அடியில் 16 அங்குலம், தலையில் அதில் ஆறில் ஐந்து பங்கு, 13.3. தண்டை ரிவால்வ் போட்டு (நடுக்கோட்டைச் சுற்றிச் சுழற்றி) எடுத்தாயிற்று, அந்த மெல்லிய வயிறும் அழகாக வந்துவிட்டது. சிக்கல் தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் 24 பள்ளங்களில்தான். வாய்ட் ஸ்வீப் போட்டு (ஒரு வடிவத்தைப் பாதை வழியே ஓட்டிக் குடைந்து) அதை வட்டமாக அரே செய்தால், அதாவது சுற்றிலும் நகலெடுத்தால், பள்ளம் மேலும் கீழும் ஒரே அகலம். அடியில் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே நாலு நூல் (அரை அங்குலம்) இருக்கும் வரம்பு, மேலே ஒரு நூலாகத் தேய்ந்துவிடுகிறது. கொத்தனார் பார்த்துவிட்டு, "சார், அச்சைக் கழட்டும்போதே இது உடைஞ்சிரும்" என்றார்.

பாதை வழியே வடிவத்தின் அளவு மாறிக்கொண்டே போகும் ஸ்வெப்ட் பிளெண்டில் இரு முனைக்கும் வேறு அளவு கொடுத்துப் பார்த்தேன். வளைந்த பாதையில் எரர் அடிக்கிறது. யாராவது இதைச் சரியாகச் செய்திருந்தால் பாதையை எப்படி வரைந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஃபேமிலி ஃபைல் (ரெவிட்டில் அப்படியே இறக்கிக்கொள்ளும் தயார் மாடல்) இருந்தால் இன்னும் நல்லது. ஸ்கெட்ச்அப் என்ற இன்னொரு 3D மென்பொருளில் செய்து இறக்கச் சொல்லாதீர்கள், அப்படிச் செய்துதான் நேற்று கம்ப்யூட்டர் நின்றுபோனது.